ரூபன் ஆசீரின் ஆறாவது ஆல்பம்

மார்ச் 3, திங்கள்

காலை ராகிக் கஞ்சி, முக்கால் கிண்ணம். மதியம் குழைந்த சாதமும் பருப்பும். வெளிக்குப் போகவில்லை. வார்த்தை: சரி.

இப்படி எழுதி வைக்கச் சொன்னது ஹாஜிரா. பேச்சுப் பயிற்சி கொடுக்க வாரத்தில் இரண்டு நாள் வருகிற பெண். "என்ன சாப்பிட்டாரு, என்ன பேசினாருன்னு குறிச்சு வைங்கம்மா, எனக்கு உதவியா இருக்கும்" என்றாள். பேசுவதைக் குறிக்க ஒரு பக்கம்கூடத் தேவையில்லை. நவம்பரில் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்ததிலிருந்து என் கணவருக்கு வருவது அந்த ஒரே வார்த்தைதான். சாப்பிடுறீங்களா என்றால் சரி. ஃபேனை நிறுத்தட்டுமா என்றால் சரி. தண்ணீர் லாரி வரவில்லை என்று நான் பாட்டுக்குப் புலம்பினாலும் சரி. நாற்பத்திரண்டு வருஷத்தில் நான் சொன்ன எதற்கும் இவ்வளவு சரி போட்ட மனிதர் இல்லை இவர்.

மீதிப் பக்கம் காலியாகக் கிடக்கிறது. அதனால்தான் இதையும் எழுதுகிறேன்.

மார்ச் 4, செவ்வாய்

இட்லி இரண்டு, பாலில் ஊறவைத்து. சரி.

பெங்களூரிலிருந்து ஒரு பையன் போன் செய்தான். பெயர் நவநீத். பழைய ரெக்கார்டுகளைச் சுத்தம் செய்து திரும்ப வெளியிடும் சின்னக் கம்பெனி நடத்துகிறானாம். "ரூபன் ஆசீர் சாரோட அஞ்சு ஆல்பமும் எங்கிட்ட இருக்கு ஆன்ட்டி. ஒவ்வொண்ணும் தேடி அலைஞ்சு வாங்கினது" என்றான். எனக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. மெட்ராஸில் ஜாஸ் பியானோ வாசித்த ஒரு மனிதரின் ஆல்பங்களைத் தேடி ஒருவன் அலைந்திருக்கிறான்! நாங்கள் ஹோட்டல் லவுஞ்சில் வாசித்ததில் சாப்பிட்டோம், சினிமாவுக்கு வாசித்ததில் வாடகை கொடுத்தோம், ஆல்பங்களை அலமாரியில் வைத்துத் துடைத்தோம். அவ்வளவுதான் அவற்றால் கிடைத்தது.

ஐந்தில் 'எக்மோர் பிளாட்ஃபார்ம்' அவருக்கு மிகப் பிடித்தது. எனக்கு 'வாட்டர் லாரி'. அதில் இடது கை குடங்களை வரிசையில் தள்ளுவதுபோல் வாசிக்கும்.

வெள்ளிக்கிழமை வருகிறானாம். வீட்டில் மருந்து வாடை அடிக்கிறது. ஊதுவத்தி வாங்க வேண்டும்.

மார்ச் 7, வெள்ளி

வெளிக்குப் போனார். ஒருவழியாக.

நவநீத் வந்தான். தாடி, கண்ணாடி, தோளில் பெரிய பை. கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்து அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டான். எனக்கு அவனைப் பிடித்துப்போயிற்று.

பரண் மேலிருந்த ஸ்பூல் டேப்புகளை இறக்கினோம். ஐந்து ஆல்பத்துக்கும் உரியவை ஒரு பெட்டியில். தனியாக ஒரு ஸ்பூல் பழைய துண்டில் சுற்றிக் கிடந்தது. அவன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். 1984. பியானோ, பாஸ், டிரம்ஸ், குரல். குரல்: ஃப்ளோரா.

"ஆன்ட்டி, இது வெளிவரவே இல்லியே! யாரு இந்த ஃப்ளோரா?"

"தெரியலப்பா. அந்தக் காலத்துல ஹோட்டல்ல பாட எத்தனையோ பொண்ணுங்க வருவாங்க."

அவன் உடனே போனைத் தூக்கி வீடியோ எடுக்கத் தொடங்கினான். "அங்கிள், இந்த ஆறாவது ஆல்பத்தை ரிலீஸ் பண்ணலாமா?"

"சரி" என்றார்.

பையன் முகத்தில் என்ன சந்தோஷம்! எனக்குப் பாவமாக இருந்தது. "கேமராவை அப்படியே வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுக் குனிந்து கேட்டேன்: "என்னங்க, உங்க பியானோவைக் காயலான் கடையில போட்டுரலாமா?"

"சரி."

"உங்க பேரு முனுசாமியா?"

"சரி."

நவநீத் போனை இறக்கிவிட்டான். ஆமாம், இல்லை என்கிற வித்தியாசம் வாயில் இல்லை என்று ஹாஜிரா சொன்னதை அவனுக்கு எடுத்துச் சொன்னேன். உள்ளே புரிகிறதா என்றால் பாதி புரியலாம், முக்கால் புரியலாம், யாருக்குத் தெரியும்? "சட்டப்படி நீங்க சைன் பண்ணினா போதும் ஆன்ட்டி" என்றான். சட்டப்படி நான் அவருக்கு டயப்பர்கூட மாற்றலாம்.

ஸ்பூலைப் பெங்களூருக்கு எடுத்துப் போயிருக்கிறான். பழைய டேப் பிசுபிசுத்துப் போயிருக்குமாம், மெதுவான சூட்டில் பல மணி நேரம் ஓவனில் வைத்து எடுத்தால்தான் ஓட்ட முடியுமாம். கேக் கணக்காக.

மார்ச் 12, புதன்

கஞ்சி அரைக் கிண்ணம். புரை ஏறியது. தண்ணீரைக் கெட்டியாக்கும் பவுடரைச் சரியாகக் கலக்காதது என் தவறு.

ஹாஜிரா படங்களையும் சில பொருள்களையும் காட்டிப் பெயர் கேட்டாள். நாய்க்கும் சரி, குடைக்கும் சரி. வாழைப்பழத்தை மட்டும் வாங்கித் தின்றுவிட்டார்.

என்னுடைய ஞானஸ்நானப் பெயர் ஃப்ளோரன்ஸ். பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் ஃப்ளோரன்ஸ் மிஸ். ஃப்ளோரா என்று சுருக்கியவர் இவர்தான், லவுஞ்சில் போர்டு எழுத வசதியாக இருக்கும் என்று. இதை அந்தப் பையனிடம் சொல்வதில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மார்ச் 13, வியாழன்

ராத்திரி தூக்கம் இல்லை. எழுதிவிடுகிறேன்.

அந்த ஆல்பத்தைப் பதிவு செய்தபோது கல்யாணமாகி ஒரு வருஷம். எனக்கு இருபத்து நான்கு வயது. இரண்டு நாளில் எட்டுப் பாட்டு. மூன்றாவது நாள் அவர் தனியாகப் போய்க் கேட்டுவிட்டு வந்தார். செருப்பைக் கழற்றியபடியே சொன்னார்: "இது வேணாம் ஃப்ளோ. நல்லா வரல." யாருக்கு நல்லா வரவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? அவர் அதற்கு முன்னால் இரண்டு ஆல்பம் போட்டவர், அவை நன்றாக வந்திருந்தன. இதில் புதிதாகச் சேர்ந்தது நான் மட்டும்தான்.

அடுத்த மாதமே பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தேன். பாடிக்காட்ட வேண்டிய இடத்தில் பியானோவில் ஒரு விரலால் தட்டிக் காட்டுவேன். கிறிஸ்துமஸ் ஆராதனையில்கூட வாயை அசைப்பதோடு சரி. இவரும் ஒருநாளும் "ஏன் பாடறதில்ல?" என்று கேட்கவில்லை. நாசூக்கான மனிதர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 19, புதன்

காலையில் போன். பையன் தலைகால் புரியாமல் பேசினான்.

"ஆன்ட்டி, டேப் பிரமாதமா ஓடுச்சு. அந்தப் பொண்ணு யாருன்னே தெரியல, ஆனா என்ன வாய்ஸ்! எனக்கு ரெண்டு நாளா வேற எதுவும் கேக்க முடியல." அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "ஒண்ணு சொன்னா தப்பா நினைக்காதீங்க. அங்கிள்தான் இதுல கொஞ்சம்... எப்படிச் சொல்றது. நாலு பாட்டுல வழி தவறிடறாரு. பிரிட்ஜுக்குள்ள போக மறந்துட்டு பழைய இடத்துலயே சுத்துறாரு. அதனாலதான் வெளியிடலையோ என்னவோ."

பிரிட்ஜ் என்பது பாட்டின் மூன்றாம் பகுதி. முதல் இரண்டும் கடைசியும் ஒரே மெட்டு. மூன்றாவது மட்டும் வேறு வழியில் போய்த் திரும்பி வரும். எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்ப வேண்டும்.

"நல்லா கேட்டியா? அவருதானா?" என்றேன்.

"ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியா இருக்கு ஆன்ட்டி. சந்தேகமே இல்ல."

போனை வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். வாயோரம் கஞ்சி காய்ந்திருந்தது. துடைத்தேன்.

மார்ச் 20, வியாழன்

கஞ்சி முழுக் கிண்ணம். சரி. சரி. சரி. சரி.

மார்ச் 21, வெள்ளி

கத்திவிட்டேன். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது, அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை.

படுக்கைப் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைத் திருப்பிப் போட வேண்டும். திருப்பிக்கொண்டே கேட்டேன். "தப்பு உங்களுதா? என்னுதில்லையா? ஏங்க சொல்லல? ஒரு வார்த்தை, 'நான்தான் சொதப்பிட்டேன் ஃப்ளோ'ன்னு சொல்ல வாயில்லையா? நாப்பது வருஷம் நான் வாயை மூடிக்கிட்டு இருந்தேனே, பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"சரி" என்றார். மெதுவாக, சமாதானம் சொல்வதுபோல.

அந்த நேரத்தில் கன்னத்தில் அறைந்துவிடலாம் போலிருந்தது. அறையவில்லை. முதுகுக்குப் பவுடர் போட்டேன். ஒரு மனிதரோடு சண்டை போட அவர் திடமாக இருக்க வேண்டும். இவர் என்னை ஏமாற்றிவிட்டு, பிறகு கேள்வி கேட்க முடியாத இடத்துக்கும் போய்ப் படுத்துக்கொண்டார். யாரிடம் போய் நியாயம் கேட்பேன்?

மார்ச் 31, திங்கள்

வெயில் தாங்கவில்லை. நனைத்த துண்டால் இரண்டு முறை உடம்பு துடைத்தேன்.

நவநீத் ஒரு யோசனை சொன்னான். பியானோவை அடியோடு எடுத்துவிட்டு, குரல், பாஸ், டிரம்ஸ் மட்டும் வைத்து வெளியிடலாமாம். அங்கிள் பெயரும் கெடாது, அந்தப் பாடகியும் வெளியே வருவாள். ஒரு பாட்டை அப்படிச் செய்து, அசல் பாட்டுகள் எட்டோடும் சேர்த்துப் போனில் அனுப்பியும் விட்டான்.

கேட்டேன். முதலில் எனக்கு என்னைப் பிடித்திருந்தது. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் பிடித்திருந்தது. இருபத்து நான்கு வயதில் நான் நன்றாகவே பாடியிருக்கிறேன். பிறகு மூன்றாம் பகுதி வந்தது. அதற்குள் போகாமல், வாசலிலேயே, ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் அந்தப் பெண். நீட்டுகிறாள், நீட்டுகிறாள், மூச்சு முட்டுகிறது. கேட்டால் பாட்டு மறந்துவிட்டது போலிருக்கிறது.

பியானோவோடு இருந்த அசலைப் போட்டேன். அப்போதுதான் விளங்கியது. அவர் வழி தவறிப் பழைய மெட்டிலேயே போகிறார்; நான் அந்தச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு அவர் வந்து சேரும்வரை நிற்கிறேன். அவர் வந்ததும் சேர்ந்து உள்ளே போகிறோம். நான்கு பாட்டிலும் அப்படியே. இதைச் செய்ததே எனக்கு நினைவில்லை. பாடும்போது எவரும் யோசித்துச் செய்வதில்லை, கூட நடப்பவர் பின்தங்கினால் கால் தானாக நிற்கும்.

ஆக, பியானோவை எடுத்தால் அவருடைய தவறு என்னுடையதாகிறது. வைத்தால் நாற்பது வருஷம் அவர் மறைத்தது ஊருக்குத் தெரியும். டேப்பைத் துண்டில் சுற்றித் திரும்பப் பரணில் வைத்தால் நான் பாடியதே இல்லை என்றாகும்.

நவநீதுக்குப் போன் போட்டு, ஃப்ளோரா நான்தான் என்று சொன்னேன். "சாரி ஆன்ட்டி" என்றான். எதற்குச் சாரி என்று அவனுக்கும் தெரிந்திருக்காது.

ஏப்ரல் 5, சனி

இன்று அவரிடமே கேட்டுப் பார்த்தேன். வாயால் அல்ல. வேண்டாத சாப்பாட்டை இடது கையால் தள்ளத் தெரிகிறதே, அதை நம்பி. போனை அந்தக் கைக்குப் பக்கத்தில் வைத்து, நிறுத்தும் இடத்தைக் காட்டினேன். "நம்ம ஆறாவது ஆல்பம். வெளிய வர வேணாம்னா இதை அழுத்துங்க. புரியுதா?" சரி என்றார். அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

பாட்டு தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் அவருடைய விரல்கள் போர்வை மேல் வாசிக்க ஆரம்பித்தன. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் பகுதி வந்ததும் கை சரியாகத் திரும்பியது. டேப்பில் தவறிப் போகிற அதே இடத்தில், போர்வை மேல் தவறாமல் பிரிட்ஜுக்குள் போனார். டேப்பில் என் குரல் இன்னும் வாசலில் காத்துக்கொண்டிருந்தது. அவருடைய கை நின்றது. பிறகு போனைத் தேடிப் போய் அழுத்தியது. பாட்டு நின்றது.

இதுதான் பதில் என்று நினைத்தேன். அடுத்த நிமிஷம் வாடை வந்தது. டயப்பர். அதற்காகத்தான் கூப்பிட்டாரோ என்னவோ.

மாற்றினேன். திரும்பப் போட்டுக் காட்டுவதற்குள் தூங்கிவிட்டார்.

ஏப்ரல் 9, புதன்

ஹாஜிராவிடம் கேட்டேன், அழுத்தினாரே, அது பதிலா என்று. "இருக்கலாம்மா" என்றாள். "இல்லாமலும் இருக்கலாமா?" "இருக்கலாம்மா."

நல்ல பெண். பொய் சொல்லத் தெரியவில்லை.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

மும்மணி ஆராதனைக்குப் போக முடியவில்லை, விட்டுவிட்டுப் போக ஆள் இல்லை. கஞ்சிதான், இரண்டு பேருக்கும்.

நவநீத் அனுப்பிய ஒப்பந்தம் பத்து நாளாக மேஜையில் இருந்தது. இன்று அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னேன்: "அப்படியே வெளியிடச் சொல்லப்போறேன். எதையும் எடுக்காம. உங்க தப்பு எல்லாருக்கும் கேக்கும். கோவம் வந்தா வரட்டும். எனக்கு வேணும்ங்க. அதுல மட்டும்தான் நான் இருக்கேன்."

"சரி."

"இது நீங்க குடுத்த சம்மதம் இல்ல. எனக்குத் தெரியும். நானா எடுத்துக்கறேன்."

"சரி" என்றார். கண்ணில் தண்ணீர் இருந்தது. அந்தக் கண் எப்போதும் ஒழுகுவதுதான்.

கையெழுத்துப் போட்டேன். பேனா சரியாக எழுதவில்லை, இரண்டு முறை அழுத்திப் போட வேண்டியிருந்தது.

மே 22, வியாழன்

மின்சாரம் இல்லை. விசிறிக்கொண்டே இருந்ததில் மணிக்கட்டு வீங்கிவிட்டது. ஆல்பம் வெளிவந்துவிட்டது என்று நவநீத் செய்தி அனுப்பியிருக்கிறான். அட்டையில் இருவர் பெயரும் இருக்கிறது. எழுத்தின் அளவும் ஒன்றுதான். அளந்து பார்த்தேன்.

ஜூன் 14, சனி

இட்லி இரண்டு. வெளிக்குப் போனார். வார்த்தை பற்றிக் கீழே.

ஒரு இசைப் பத்திரிகையில் பெரிய கட்டுரை வந்திருக்கிறது என்று நவநீத் அனுப்பினான். கூடவே, "ஆன்ட்டி, முழுசா படிக்காதீங்க, மேல மட்டும் படிங்க" என்று ஒரு வரி. அப்படிச் சொன்னால் யார் படிக்காமல் இருப்பார்கள்? கட்டிலோரம் உட்கார்ந்து, அவருக்கும் கேட்கட்டும் என்று தமிழில் சொல்லிக்கொண்டே படித்தேன்.

"ரூபன் ஆசீர் வெளியிட்ட ஐந்து ஆல்பங்களையும் இந்த ஆறாவது தூக்கிச் சாப்பிடுகிறது. பிரிட்ஜுக்குள் நுழைய மறுத்து அவர் வெளியிலேயே சுற்றும் அந்தத் துணிச்சல் யாருக்கு வரும்? காலத்தையே நிறுத்தி வைக்கிறார். பாவம், அந்தப் பாடகிக்கு அது புரியவில்லை. ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு திகைத்து நிற்கிறார். ஒரு மேதைக்குப் பக்கத்தில் நிற்பது எளிதல்ல."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எழுதியவன் மேல் கோபப்படக்கூடத் தோன்றவில்லை. பியானோவை எடுத்தாலும் தவறு என்னுடையது, வைத்தாலும் என்னுடையது. இதற்காகவா இவ்வளவு பாடுபட்டேன்?

"கேட்டீங்களா? நீங்க மேதையாம்" என்றேன்.

அவருடைய இடது கை மெத்தையில் அறைந்தது. ஒரு முறை, இரண்டு முறை. முகத்தின் நல்ல பாதி சிவந்து, கழுத்து நரம்பு புடைத்தது. மறுபடி ஏதோ வந்துவிட்டது என்று நான் பயந்து எழுந்துவிட்டேன். வாய் கோணிக்கொண்டு திறந்தது.

"இல்ல."

"என்னங்க?"

"இல்ல. இல்ல." போனைத் தள்ளினார். என் கையைப் பிடித்தார், வலிக்கிற அளவுக்கு. "இல்ல."

ஏழு மாதத்தில் முதல் புது வார்த்தை. நான் அழுதேன், வெட்கமில்லாமல், அவர் மார்பு மேல் தலை வைத்து. அவர் என் முதுகில் தட்டிக்கொண்டே இருந்தார்.

பிறகு நவநீதுக்குப் போன் போட்டேன். மூச்சு வாங்கியது. "அவரு இல்லன்னு சொல்லிட்டாருப்பா. அந்தாளு எழுதினது தப்புன்னு அவரே சொல்றாரு. அந்தப் பத்திரிகைக்கு நீ எழுது."

"சந்தோஷம்தான் ஆன்ட்டி. ஆனா என்னன்னு எழுதறது? அங்கிள் ஆமான்னாலும் இல்லன்னாலும் அதுக்கு அர்த்தம் இல்லன்னு நீங்கதானே எங்கிட்ட காட்டினீங்க? அந்த வீடியோ இன்னும் எங்கிட்ட இருக்கு."

சரிப்பா என்று வைத்துவிட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

காலையில் காபியைக் கெட்டியாக்கி எடுத்துப் போனேன். "காபி குடிக்கிறீங்களா?"

"இல்ல" என்றார். கை டம்ளருக்கு நீண்டது. குடித்து முடித்தார்.

"ஃபேன் போடட்டுமா?" இல்ல. "உங்க பேரு ரூபனா?" இல்ல. அதற்கு மேல் கேட்டிருக்கக் கூடாது, கேட்டேன். "நான் ஃப்ளோராவா?"

"இல்ல" என்று சொல்லிவிட்டு அன்பாகப் பார்த்தார்.

சரி போய்விட்டது, இல்ல வந்திருக்கிறது, அவ்வளவுதான். நாளை ஹாஜிரா வருவாள். அவளுக்காக எழுதுகிறேன். காலை காபி, இட்லி ஒன்று. வார்த்தை: இல்ல, இன்று முழுவதும்.

நேற்று மத்தியானம் சொன்ன நான்கையும் இதில் சேர்க்கவில்லை. அவை எனக்குச் சொன்னவை. நேற்றைய பக்கத்தைக் கிழித்து வைத்துக்கொண்டுதான் இதை அவளிடம் கொடுப்பேன்.